தெப்பத்தில் ஏறிய லேத்து

அந்தா பாருங்கண்ணா, சன்னல் பக்கமா எட்டிப் பாருங்க. பவானி தாண்டினதும் இந்தக் காவேரிப் பாலம் வருதுல்ல, இதுக்குக் கீழதான் நான் செத்துப்போனேன். தண்ணில முழுகி. போன சித்திரையில.

பயப்படாதீங்க. குடிக்கிற பழக்கமெல்லாம் இல்லீங்க. வேற சீட்டுக்கு மாறிக்கணும்னாலும் மாறிக்கங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். அவிநாசில ஏறினதுல இருந்து என் மடியில இருக்கற இந்தப் பையையே பாத்துட்டு வர்றீங்க, கேக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கறீங்க. கண்டக்டர்கூட மேல தூக்கி வைங்கன்னாரு. மேல வெச்சா தட்டு ஒடைஞ்சு உங்க தலையில விழுந்துருமுங்க. உள்ள இருக்கறது லேத்து சக்கு. லேத்து மெஷின்ல கடையற இரும்பை இறுக்கிப் புடிக்கறதுக்கு உருண்டையா ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான். அதை எதுக்கு மடியில வெச்சுட்டு தர்மபுரிக்குப் போறேன்னு கேட்டீங்கன்னா, என் சாவு செல்லாதுன்னு எம் பொண்டாட்டிகிட்ட நிரூபிக்கறதுக்குத்தான். ஏன்னா என்னைக் கொன்னதே அவதானுங்க.

இப்ப நெசமாவே பயந்துட்டீங்க. இருங்க, மொதல்ல இருந்து சொல்லிடறேன். நீங்களும் தர்மபுரி, நானும் தர்மபுரி. இன்னும் சங்ககிரியே வரலை.

எம் பேரு தெய்வசிகாமணிங்க. கோயமுத்தூர்ல டூல்ஸ் கடை. எங்கப்பா வெச்ச கடை. எந்த ஒர்க்‌ஷாப்காரரு வந்து எதைக் கேட்டாலும் பேரு, சைஸு, எந்த ஊருச் சரக்கு, எந்த ராக்கையில கெடக்குதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிடுவேன். ஆனா ஒண்ணுங்க. எனக்கு ஒரு ஸ்க்ரூவை நேரா முடுக்கத் தெரியாது. சிரிங்க, சிரிங்க, எல்லாரும்தான் சிரிப்பாங்க. ஸ்வீட்டுக் கடைக்காரனுக்கு சுகர் இருக்கற மாதிரின்னு வெச்சுக்கங்களேன். வீட்ல பல்பு மாத்தறதுன்னாக்கூட கோதைதான் ஸ்டூல் போட்டு ஏறுவா. நான் கீழ நின்னு ஸ்டூலைப் புடிச்சுட்டு, இந்த ஹோல்டர் சரியில்லை, வேற வாங்கியிருக்கணும்னு சொல்லிட்டிருப்பேன். கடையிலயும் சம்பத்துன்னு ஒருத்தர் இருக்காரு, அவருதான் எல்லாம். நான் கல்லாவுல உக்காந்திருப்பேன். ஒரு வாரம் நான் போகாட்டியும் கடை நல்லாத்தான் ஓடும். சொல்லப்போனா இன்னும் கொஞ்சம் நல்லாவே ஓடும்.

கோதைங்கறது எம் பொண்டாட்டி. பூங்கோதை. கணக்கு டீச்சர். எங்களுக்குப் பிள்ளைங்க இல்லீங்க. அடுத்தாப்புல நீங்க அதைத்தான் கேப்பீங்க, அதனால நானே சொல்லிட்டேன். வீட்ல ரெண்டே பேருதான்.

ரெண்டே பேருன்னா ஞாயித்துக்கெழமை மத்தியானம் ரொம்ப நீளமுங்க. கொரோனா அப்ப வெளிய போக முடியாமக் கெடந்தமே, அப்ப கோதை கம்ப்யூட்டர்ல ஒரு வெளையாட்டைக் கத்துக்கிட்டா. போர்டு கெடையாது, சீட்டு கெடையாது. ஒருத்தர் கதை சொல்லணும். மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளுக்கொரு வேசம் கட்டிக்கணும். "முன்னால ஒரு செவுரு இருக்குது, என்ன பண்றீங்க"ன்னு கேப்பா. "ஏறிக் குதிக்கறேன்"னு சொன்னா தாயக்கட்டையை உருட்டணும். நல்ல நம்பர் விழுந்தா குதிச்சாச்சு, இல்லாட்டிக் காலு ஒடைஞ்சுது. அவ்வளவுதான். இதென்ன சொப்பு வெச்சு வெளையாடற மாதிரின்னுதான் நானும் மொதல்ல சொன்னேன். ரெண்டாவது ஞாயித்துக்கெழமை நான்தான் மொதல்ல வந்து மேஜைல உக்காந்தேன்.

கதை என்னன்னா, உலகம் பூரா பெரிய சண்டை நடந்து எல்லாம் அழிஞ்சுபோச்சு. கரண்டு இல்லை, பெட்ரோல் இல்லை, கவர்மெண்டு இல்லை. நம்ம பட்டாளத்துல ஒரு சின்னக் கூட்டம் மட்டும் ஒரு லாரியோட கோயமுத்தூர்ல மாட்டிக்கிச்சு. அவங்க எப்படியாவது வடக்க போயி மிச்சப் பட்டாளத்தோட சேரணும். கதை சொல்றது கோதை. எங்க தெருவுல பல் டாக்டர் ஞானசம்பந்தம், அவருதான் கேப்டன். கோதையோட ஸ்கூல்ல டெய்சி டீச்சர்னு ஒருத்தங்க, நேர்ல எறும்பை மிதிச்சாலே ஸ்தோத்திரம் சொல்லுவாங்க. வெளையாட்டுல அவங்கதான் துப்பாக்கி. மலை மேல படுத்துக் குறி வெச்சாங்கன்னா தப்பவே தப்பாது. நான் நாயக் தெய்வசிகாமணி, நாயக்குன்னா பட்டாளத்துல ஒரு பதவி, வேலை மெக்கானிக். மத்தவங்க எல்லாம் ஜோரா புதுப் பேரு வெச்சுக்கிட்டாங்க. எனக்கு எம் பேரே போதும்னுட்டேன். அந்த ஆளாவது எம் பேருல ஒரு ஸ்க்ரூவை ஒழுங்கா முடுக்கட்டும்னு ஒரு ஆசை.

எங்க மேஜைக்கு ரெண்டு சட்டமுங்க. உக்காந்துட்டா வீட்டு ஒறவு கெடையாது. தெனமும் என்னை மாமாங்கறவ, அங்க "நாயக்கு"ம்பா. இன்னொண்ணு, செத்தவன் டீ போடணும். கதைல உங்க ஆளு செத்துட்டா அன்னிக்கு மிச்ச நேரம் பூரா அடுப்படி உங்களுது. டீ போட்டு எல்லாத்துக்கும் கொண்டாந்து குடுக்கணும். அடுத்த வாரம் புது ஆளா வரலாம். டாக்டர் செத்தா இஞ்சி தட்டிப் போடுவாரு, அவரு எப்பச் சாவாருன்னு காத்திருப்போம். டெய்சி டீச்சர் செத்தா சக்கரை இருக்காது. நான் மட்டும் சாகவே இல்லீங்க. லாரிக்கு அடியில படுத்திருக்கறவனை எவன் வந்து சுடுவான்? அதனால எங்க வீட்டு அடுப்பை எந்தப் பக்கம் திருகினா பத்தும்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. டூல்ஸ்லதான் வந்துது வம்பு.

கோதை வெச்சிருந்த சட்டத்துல மெக்கானிக்குக்கு என்ன சாமான் போட்டிருந்தான்னு நெனைக்கறீங்க? "டூல் கிட், ஒண்ணு." அவ்வளவுதான். டூல் கிட் ஒண்ணு! துப்பாக்கிக்கு மட்டும் பக்கம் பக்கமா இருக்குது. எத்தனை அடி போகும், எத்தனை தோட்டா, ஈரத்துல நின்னுபோகுமா, எல்லாம் இருக்குது. உலகமே ஒடைஞ்சு கெடக்குது, ஒடைஞ்சதை ஒக்கிட்டுச் சரி பண்றவனுக்கு ஒரே ஒரு வரி. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏம்மா, இந்த ஒரே கிட்டை வெச்சுட்டு நான் சைக்கிள் செயினும் மாட்டுவேன், லாரி கியர் பாக்ஸும் இறக்குவேனா? செயின் பிளாக் இல்லாம இஞ்சினை என்ன பல்லுல கடிச்சா தூக்கறது?"ன்னு கேட்டேன். "சரிங்க நாயக்கு, நீங்களே ஒரு சட்டம் எழுதிட்டு வாங்க"ன்னுட்டா. அவ விட்டுருவான்னு நெனைச்சா. நான் விடலை.

எழுதினேன்ங்க. அந்த மாதிரி நான் பள்ளிக்கூடத்துலகூட எழுதினதில்லை. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு அட்டை. தோள்ல மாட்டிட்டுப் போறது தனி, ஸ்பேனர், கொறடு, சுத்தியல், அரம், ரம்பம். வண்டியில போறது தனி, ஜாக்கி, சாக்கெட் செட்டு, மரை போடற டேப்பும் டையும். ட்ரெய்லர்ல ஏத்தினாத்தான் ஆச்சுங்கறது தனி, பெஞ்ச் வைஸ், வெல்டிங் செட்டு, ட்ரில்லிங் மெஷின். எந்த வேலைக்கு எது இருந்தாத் தாயக்கட்டையை ரெண்டு தரம் உருட்டலாம், எது இல்லாட்டி உருட்டவே கூடாது, எல்லாம் அதுல வரும். அரம் மழுங்கும், ரம்பத் தகடு ஒடையும், அதுக்கும் ஒரு உருட்டு. அப்புறம் கனம். கனம்தான் முக்கியம்னேன். தூக்க முடியாததை வெச்சிருக்கேன்னு எவனும் பொய் சொல்லக்கூடாது. கடையில ஒவ்வொண்ணா எடுத்துத் தராசுல வெச்சேன். சம்பத்து பாத்துட்டு, "ஏனுங்க, எடைக்குப் போடப் போறமா?"ன்னாரு. கடையை மூடப்போறேன்னு நெனைச்சுட்டாரு பாவம்.

அதுக்கப்புறம் வெளையாட்டு எப்படி ஆச்சுன்னா, ஒரு ஞாயித்துக்கெழமை பூராவும் லாரிக்கு ஒரு பேரிங் மாத்தினேன். எதிரி மலைக்கு அந்தப் பக்கம் நிக்கறான். நிக்கட்டும். வீலைக் கழட்டறதுக்கு ஒரு உருட்டு, பேரிங்கை உருவறதுக்குப் புல்லர் இருக்குதா, இல்லை, அப்ப சுத்தியல்ல தட்டறேன், தட்டினா வெடிக்குமா, உருட்டு. டெய்சி டீச்சர் துப்பாக்கியைப் புடிச்ச மேனிக்கே தூங்கிட்டாங்க. டாக்டர் சொன்னாரு, "நாயக், எதிரி வந்து எங்களைக் கொல்றதுக்குள்ள உங்க ஸ்பேனரே எங்களைக் கொன்னுரும்." நான் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

ஆனா ஒரு சுகமுங்க. மறைச்சு என்ன ஆகப்போகுது. அந்த மேஜைல நான் சொன்னா வண்டி ஓடுச்சு. வீட்ல ஒரு கொழாய் ஒழுகினாப் பிளம்பரைக் கூப்புடறவன், அங்க ஒரு பட்டாளத்தையே ஓட்டினேன். ஞாயித்துக்கெழமைக்காகத்தான் மத்த ஆறு நாளும் கடைல உக்காந்திருந்தேன்.

சரசக்காளைச் சொல்லாம விட்டுட்டேன் பாருங்க. கதைல எங்க கூட்டத்துக்கு ஒரு சமையல்காரம்மா இருந்தா. யாரும் அந்த வேசத்தைக் கட்டலை. அந்த மாதிரி மிச்ச ஆளுக்கெல்லாம் கதை சொல்றவளே கொரல் குடுக்கணும். எதிரியும் கோதைதான், நாயும் கோதைதான், சரசக்காவும் கோதைதான். சரசக்காளுக்குன்னு ஒரு தனிக் கொரல் வெச்சிருந்தா, கொஞ்சம் கரகரன்னு, மூக்குல. எங்கிருந்தோ கேவுரு கொண்டாந்து களி கிண்டிப் போடுவா. நான் லாரிக்கு அடியிலயே கெடப்பனா, எனக்குன்னு ஒரு உருண்டை எடுத்து மூடி வெச்சிருவா. "நாயக்கு, இரும்பு எங்கயும் போகாது. வந்து தின்னுட்டு முடுக்கு." எல்லா வாரமும் இதைச் சொல்லுவா. நான் "இதா, இந்த ஒரு நட்டு"ம்பேன். கோதைக்குச் சிரிப்பு வந்துரும்.

லேத்து எப்படி வந்துதுன்னா, கோயமுத்தூர்லயே கணபதிங்கற ஏரியாப் பக்கம் இடிஞ்சுபோன ஒரு ஒர்க்‌ஷாப்புல கெடச்சுது. கதைலதானுங்க. சின்ன லேத்து. நான் விடலை. லேத்து இருந்தா எதை வேணும்னாலும் செஞ்சுக்கலாம், லேத்துதான் எல்லா மெஷினுக்கும் தாய்னு பேசிப் பேசி லாரில ஏத்திட்டேன். லேத்து அட்டைக்குக் கனம் மட்டும் கேட்லாக்கைப் பாத்துப் போட்டேன், அதைத் தராசுல தூக்கி வைக்க முடியாதுல்ல. ஏத்தினதுல எங்களுக்கு அரிசி மூட்டை வைக்க எடமில்லாமப் போச்சு. இதுல கூத்து என்னன்னா, அந்த லேத்துல கடைசி வரைக்கும் ஒரே ஒரு போல்ட்டுகூட நான் கடையலை. ஏன்னு சொல்லுங்க. கரண்டே இல்லையேங்க! டாக்டர் கேட்டாரு, "நாயக், கரண்டு இல்லாத உலகத்துல இது எதுக்கு?"ன்னு. "ஒரு நாள் வரும்ல"ன்னேன்.

அப்படியே வந்து வந்து சித்திரை மாசம் இந்தக் காவேரிக் கரைக்கு வந்தோம். கதைல பாலம் இடிஞ்சு கெடக்குது. பின்னால எதிரி தொரத்திட்டு வர்றான். லாரியை விட்டாச்சு. டிரம்முகளைக் கட்டி ஒரு தெப்பம் செஞ்சோம், அதுக்கு நான்தான் ஐடியா. ஒரு தடவைதான் போகலாம், மறுபடி வர்றதுக்கு நேரம் இருக்குமான்னு சொல்ல முடியாதுன்னா கோதை. தெப்பம் தாங்கற கனம் என்னன்னும் சொன்னா. "உங்க அட்டை எல்லாம் எடுங்க நாயக்கு, கூட்டிப் பாப்போம்." கூட்டினா, ஆளுங்களும் லேத்தும் சேந்து தாங்காது. கிட்டத்தட்ட ஒரு ஆளு கனம் அதிகம்.

லேத்தைத் தண்ணில தள்ளுங்கன்னாரு டாக்டர். தள்ளுங்கன்னாங்க டெய்சி டீச்சர். அத்தனை நாளாக் கட்டிக் காப்பாத்தினது. அப்பத்தான் சொன்னேன், "சரசக்கா இருக்கட்டும். நாம மொதல்ல போயிட்டு அப்புறமா வந்து கூட்டிக்கலாம். மனுசி எங்க போயிடப்போறா? லேத்தை விட்டா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்."

நியாயந்தானுங்களே? கணக்குப்படி நியாயந்தான்.

டெய்சி டீச்சர் என்னைப் பாக்காம தட்டுல இருக்கற முறுக்கைப் பாத்துட்டிருக்காங்க. கோதை கொஞ்ச நேரம் தாயக்கட்டையைக் கையில வெச்சு உருட்டிட்டே இருந்தா. அப்புறம் சரசக்கா கொரல்ல சொன்னா, "சரிங்க நாயக்கு. நீங்க போங்க. நான் இருந்துக்கறேன்." நான் வேற, பெரிய புத்திசாலியாட்டம், "லேத்து நழுவாம இருக்கக் கயித்தை என் இடுப்போட சேத்துக் கட்டியிருக்கேன், எழுதிக்க"ன்னு சொன்னேன்.

எழுதிக்கிட்டா. பாரம் எல்லைல நிக்குது, ஒரு உருட்டு வேணும்னு உருட்டினா. நட்டாத்துல தெப்பம் சாஞ்சுது. லேத்து வழுக்குச்சு. கயிறு என் இடுப்புல.

மத்தவங்க நீந்திக் கரையேறிட்டாங்க. "நாயக் தெய்வசிகாமணி லேத்தோட அடியில போயிட்டாரு"ன்னா கோதை. "நான் கயித்தை அவுக்கறேன்!"னேன். "எதை வெச்சு அறுப்பீங்க? உங்க கத்தியும் ரம்பமும் லாரியிலயே நின்னுபோச்சு. டூல் கையில இல்லாட்டி உருட்டவே கூடாதுன்னு நீங்கதான எழுதினீங்க"ன்னா. நான் எழுதின சட்டத்துலயே என்னை முழுக வெச்சுட்டாங்க. சரி, எழுந்திரிச்சுப் போயி டீ போடுங்கன்னாங்க எல்லாரும். நான் போகலை. சாவு செல்லாது, அப்பீல் இருக்குதுன்னுட்டு உக்காந்துக்கிட்டேன். கடைசில கோதையே எந்திரிச்சுப் போயி டீ போட்டா. செத்தவன் உக்காந்திருக்க உசுரோட இருக்கறவ டீ போட்டது அன்னைக்குத்தான் மொதல் தடவை.

அதோட சரிங்க, ஆட்டம் நின்னுபோச்சு. அதுக்கு முந்தின வாரந்தான் அவளுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் ப்ரொமோஷன் வந்திருந்துது. தர்மபுரிக்குப் பக்கத்துல ஒரு ஊரு. வேண்டாம்னு எழுதிக் குடுத்தாக் கோயமுத்தூர்லயே இருக்கலாம். அன்னைக்குக் காலைல, அதான் அந்தத் தெப்பத்து ஞாயித்துக்கெழமை காலைல, இட்லி வெக்கறப்பக் கேட்டா. "நீங்களும் வர்றீங்களா மாமா? அங்க ஒரு வீடு பாத்துக்கலாம். கடையைச் சம்பத்தண்ணன் பாத்துக்குவாரு." நான் என்ன சொன்னேன், "நீ மொதல்ல போ கோதை. நான் அப்புறமா வந்துக்கறேன். நீ எங்க போயிடப்போறே? கடையை விட்டுட்டு வந்தா எவனாவது சுருட்டிட்டுப் போயிருவான்"னேன். அவளும் சரின்னுட்டா. நல்ல புள்ளை, எதுக்கும் சண்டை போட மாட்டா.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. அது வீடு, இது வெளையாட்டு.

மொதல்ல மாசம் ஒருக்கா வந்துட்டிருந்தா. இப்ப ரெண்டு மாசமா அதுவும் இல்லை. ஸ்கூல்ல வேலை அதிகமாம். ஆயுத பூஜை லீவுக்காச்சும் நீங்க வாங்கன்னா. டூல்ஸ் கடைக்காரன் ஆயுத பூஜைக்குக் கடையை விட்டுட்டு வர முடியுமாங்க, சொல்லுங்க? போன வாரம் போன் பண்ணி, "இன்னும் ரெண்டு வாரத்துல ஒரு வண்டி அனுப்பறேன். என் பீரோ, புஸ்தகம், துணிமணி எல்லாம் ஏத்தி விட்டுருங்க"ன்னா. அப்புறம் அந்த வாடகை வீட்ல பின்கதவுத் தாழ்ப்பாள் விழ மாட்டேங்குதாம், நாற்காலியை முட்டுக் குடுத்துட்டுத் தூங்கறாளாம். ஒரு தாழ்ப்பாள் வாங்கிக் குடுத்தனுப்ப முடியுமான்னு கேட்டா. "தாழ்ப்பாள் நம்மகிட்ட வராதும்மா, அது ஹார்ட்வேர் கடை. நம்மது டூல்ஸ்"னேன். "சரிங்க"ன்னு வெச்சுட்டா. மாமான்னு சொன்னாளான்னு யோசிச்சுப் பாக்கறேன், நெனைவில்லை.

எனக்குக் கலக்கமாத்தான் இருக்குதுங்க. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். பீரோ போயிருச்சுன்னா வீட்ல அவளுதுன்னு என்ன இருக்குது? வண்டி வர்றதுக்குள்ள ஒரு தடவை நேர்ல போயிரணும்னு தோணுச்சு. சும்மா போயி நின்னா என்னத்தைப் பேசறது? எனக்குப் பேச வராது. மறுபடி வெளையாடற மாதிரி ஒண்ணு பண்ணணும். அதுக்கு மொதல்ல நான் உசுரோட வரணும். அப்பத்தான் கடைல உக்காந்து கேட்லாக்கைப் பொரட்டறேன், கண்டுபுடிச்சேன் பாருங்க! மடியில வெச்சிருக்கறது அந்தக் கண்டுபுடிப்புதான்.

லேத்து அட்டைல நான் எழுதின கனம் தப்பு. கேட்லாக்குல ரெண்டு கனம் போட்டிருப்பான். ஒண்ணு மெஷின் கனம். இன்னொண்ணு, லாரில அனுப்பறப்ப அடிக்கற கட்டைப் பெட்டியோட சேந்த கனம். நான் பெட்டியோட சேந்ததைப் போட்டுட்டேன்! அப்பாவுக்கப்புறம் இத்தனை வருசம் கல்லாவுல உக்காந்தவன் பண்ற தப்பா இது? கதைல பெட்டியே இல்லையேங்க. இடிஞ்ச ஒர்க்‌ஷாப்புல வெறும் மெஷினாத்தான் எடுத்தோம். அப்ப தெப்பத்துல இல்லாத ஒரு பெட்டிக்குக் கனம் போட்டு என்னை முழுகடிச்சிருக்கா. சாவு செல்லாது! சொன்னா நம்ப மாட்டா, கணக்கு டீச்சர். அதான் கடைல நிக்கற அதே மாதிரி லேத்துல இருந்து சக்கைக் கழட்டிக் கொண்டாந்துட்டேன். நான் கழட்டலை, சம்பத்து கழட்டிக் குடுத்தாரு. இது இத்தனை கனம், கேட்லாக்குல சக்குக்கு இத்தனை போட்டிருக்கான், ரெண்டும் ஒத்துப்போகுது, அப்ப கேட்லாக்கு சொல்ற மெஷின் கனமும் சரி, மிச்சமெல்லாம் பெட்டிதான்னு கணக்கோட காட்டிட்டு சாயங்காலப் பஸ்ஸுல திரும்பிடுவேன். கடை இருக்குதுல்ல.

என்னங்க கேட்டீங்க? சத்தத்துல காதுல விழலை. தொப்பூர் மேடு ஏறுதுல்ல.

பெட்டி எத்தனை கனமா? இருக்கும், நல்ல கட்டைல அடிப்பாங்க. ஒரு ஆளு கனம் வரும்.

ஆமாங்க. ஒரு ஆளு கனம்.

…

அப்ப சரசக்காளும் ஏறியிருக்கலாமேன்னா கேக்கறீங்க?

ஏறியிருக்கலாமுங்க. லேத்தும் ஏறியிருக்கும், அவளும் ஏறியிருப்பா. ஒரு காலிப் பெட்டிக்காக அவளைக் கரையில நிறுத்திட்டேன். அதுவும் இல்லாத பெட்டி.

நான் இதை யோசிக்கவே இல்லை பாருங்க. கண்டுபுடிச்ச நாள்ல இருந்து ராத்திரி பகலா லேத்தைத்தான் கணக்குப் போட்டேன். அவளைக் கூட்டிப் பாக்கவே தோணலை. நீங்க ரெண்டு மணி நேரம் கேட்டுட்டு ஒரே வார்த்தைல சொல்லிட்டீங்க. இத்தனை மாசமா, அந்தம்மா அப்புறம் என்ன ஆனான்னுகூட நான் கோதைகிட்டக் கேக்கலையேங்க. எதிரி வந்தானா, புடிச்சுட்டுப் போயிட்டானா, ஒண்ணும் தெரியாது. எனக்குக் களி மூடி வெச்சவ.

கொஞ்சம் இருங்க. பையைப் புடிச்சுக்கங்க, கால்ல போட்டுக்காதீங்க. போன் போட்டுடறேன்.

…ஆ, கோதை. நான்தான். பஸ்ஸுல. தொப்பூர்ல வந்துட்டிருக்கேன். ஆமா, உன்கிட்டத்தான். …இல்லை, ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணு கேக்கணும். அந்தச் சரசக்கா என்ன ஆனா? …சரசக்கா. தெப்பத்துல. …சரி. …சரி. …இல்லை, அப்பீலுக்கு இல்லை. அது போகட்டும். நான் செத்தது செத்ததுதான். புது ஆளு போடறேன். …பரிசல்காரன். …சாமானா? ஒண்ணும் இல்லை. …ஒண்ணுமே இல்லைங்கறேன், பரிசலும் துடுப்பும்தான். …ஆங்? …ம். …இல்லை கோதை. வாங்கலை. …இல்லை. மறந்துட்டேன். …சரி. வர்றேன்.

வெச்சுட்டா.

என்ன சொன்னான்னா, சரசக்கா அங்கயேதான் நிக்கறாளாம். ஆட்டம் அன்னைக்கு நின்ன எடத்துலயேதான நிக்குது, எதிரியும் வரலை, தெப்பமும் வரலை. அவ கரையில ஒத்தையா நின்னு பாத்துட்டே இருக்காளாம். இதைச் சாதாரணமாத்தான் சொன்னா.

புது ஆளுன்னதும் அந்தக் கொரல் வந்துதுங்க. கரகரன்னு மூக்குல. "பரிசல்காரரே, ஆத்துல தண்ணி அதிகம். பரிசல்ல வேற ஏதாச்சும் பாரம் வெச்சிருக்கீங்களா?" அதுக்குத்தான் ஒண்ணுமில்லைன்னேன், ரெண்டு தரம். நம்பலை போல. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்.

கடைசில அவ சொந்தக் கொரல்லயே கேட்டா, "தாழ்ப்பாள் கொண்டாந்தீங்களா மாமா?"ன்னு. மாமான்னா. அதை மொதல்ல சொல்லிடறேன். இல்லைன்னேன். சிரிச்சாளா, பெருமூச்சு விட்டாளான்னு இந்தப் பஸ் சத்தத்துல தெரியலை.

சம்பத்துக்குப் போன் போடணும். சாயங்காலப் பஸ்ஸுக்கு நான் வரலைன்னு. நாளைக்கும் வருவேனான்னு தெரியாதுன்னு. போனதும் டீ வேற போடணும், சித்திரையில இருந்து பாக்கி நிக்குது. அடுப்பை எந்தப் பக்கம் திருகறதுன்னு அவகிட்டயே கேட்டுக்கறேன்.

நீங்க தர்மபுரிக்காரர்தானே? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஞாயித்துக்கெழமையில தொறந்திருக்கற ஹார்ட்வேர் கடை ஏதாச்சும் இருக்குதுங்களா? தாழ்ப்பாள் ஒண்ணு வாங்கணும். கூட ஒரு ஸ்க்ரூ டிரைவரும். சிரிக்காதீங்க. என் பையில சக்கு மட்டுந்தான் இருக்குது.